கேம் டைம்: குழந்தைக்கு ஈஸி... அப்பாவுக்குத் தண்ணி காட்டும் மரியோ!

'குழந்தைகளோட சேர்ந்து விளையாடுங்க' என்று சொல்வது சுலபம். வீடியோ கேமில் அது அவ்வளவாக நடப்பதில்லை. கேம் ஈஸியாக இருந்தால் பத்தே நிமிடத்தில் அப்பா மொபைலை எடுத்துவிடுவார். கஷ்டமாக இருந்தால் குழந்தை அழும். 'ஈஸி', 'ஹார்டு' என்று மெனுவில் இருக்குமே என்கிறீர்களா? அதில் ஒன்றைத்தானே தேர்ந்தெடுக்க முடியும்? இருவரில் ஒருவர் அட்ஜஸ்ட் செய்துதான் ஆக வேண்டும்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்' இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. 2023 அக்டோபர் 20-ல் நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்த கேம். கொஞ்சம் பழசுதான். ஆனால், 'லீவுக்கு வீட்ல எல்லாரும் விளையாட ஒரு கேம் சொல்லு' என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

90ஸ் கிட்ஸுக்கு மரியோவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கேசட்டை 'உஃப்' என்று ஊதிச் செருகி டிவியில் விளையாடினீர்களே, அதே மீசைக்காரர்தான். 1985-ல் வந்த அந்த முதல் கேமில் மேலே ஓடும் டைமர் குறையக் குறைய நமக்குப் படபடக்கும். வொண்டரில் அந்த டைமர் இல்லை, ஸ்கோரும் இல்லை. வழியில் 'வொண்டர் ஃப்ளவர்' ஒன்றைத் தொட்டால் போதும், பச்சைக் குழாய்கள் கம்பளிப்பூச்சி மாதிரி நெளிய ஆரம்பிக்கும். இன்னோர் இடத்தில் கடிக்க வரும் செடிகள் வரிசை கட்டிப் பாட்டுப் பாடும். குழந்தைகள் கைதட்டிச் சிரிப்பார்கள்.

மொத்தம் 12 கேரக்டர்கள். அதில் நான்கு கலர் யோஷிகளும், நாபிட்டும் ஸ்பெஷல். எதிரி மேலே இடித்தாலும் இவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். மரியோ, லூயிஜி, பீச், டெய்சி போன்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதாவது மகள் யோஷி, அப்பா மரியோ. ஒரே திரையில், ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒரு கஷ்டம். அப்பா அவுட் ஆனால் ஆவியாக மிதப்பார். ஐந்து விநாடிக்குள் மகள் வந்து தொட்டால் உயிர் திரும்பிவிடும். இந்த ஐந்து விநாடியில்தான் எங்கள் வீட்டில் அதிக சத்தம். 2009-ல் வந்த 'நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ'-யில் ஒருவரை ஒருவர் இடிக்கலாம், தூக்கி வீசலாம். அண்ணன் தங்கை சண்டைக்கு வேறென்ன வேண்டும்? இதில் அந்த வம்பே இல்லை.

ஆனால், யோஷிக்கு ஒரு குறை உண்டு. பவர்-அப் எதுவும் அதற்கு வேலை செய்யாது. ஆப்பிளைப் பிடித்ததும் மற்றவர்கள் யானையாக மாறி, தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சுவார்கள். யோஷி வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

என் அக்கா மகளுக்கு ஏழு வயது. நான்கு நாள் சமத்தாக மஞ்சள் யோஷியாக ஓடினாள். ஐந்தாம் நாள், "எனக்கும் யானை வேணும்" என்று டெய்சியை எடுத்தாள். முதல் லெவலிலேயே ஏழு தடவை அவுட். "திரும்ப யோஷியே எடுத்துக்கோ" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. "சித்தி, நீ யோஷி எடுத்துக்கோ" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். பாதுகாப்பை எப்போது விட வேண்டும் என்பதைக் குழந்தையே முடிவு செய்ய முடிகிறது பாருங்கள், இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

'சரி, எனக்கு என்ன இருக்கு?' என்று கேட்கும் பெரியவர்களுக்கு... ஒவ்வொரு லெவலுக்கும் எவ்வளவு கஷ்டம் என்று ஒன்று முதல் ஐந்து ஸ்டார் வரை போட்டிருப்பார்கள். ஐந்து ஸ்டார் பக்கம் போய்ப் பாருங்கள். 'ஸ்பெஷல் வேர்ல்ட்' என்ற ரகசிய உலகத்துக்கு வழி கண்டுபிடிப்பதே ஒரு வேலை. அதன் கடைசி லெவலில் பேட்ஜ்களை ஒன்று மாற்றி ஒன்று கொடுத்து ஓடவிடுவார்கள். முடிவில் தருவது மாயமாக மறையும் பேட்ஜ். எதிரிக்கு மட்டுமல்ல, விளையாடும் உங்களுக்கும் உங்கள் ஆள் தெரியாது! கைப்பழக்கத்தை மட்டும் நம்பித் தாவ வேண்டும். நான் இன்னும் முடிக்கவில்லை.

குறை சொல்வதென்றால் பாஸ் ஃபைட்கள். பௌசர் ஜூனியரே திரும்பத் திரும்ப வருகிறான், சலிப்பு.

இது மொபைலில் கிடையாது. விளையாடும்போது நடுவில் காசு கேட்காது என்பதால் கார்டு நம்பர் பயம் வேண்டாம். ஸ்விட்ச்சோடு வரும் இரண்டு ஜாய்-கானைப் பிரித்துக் குறுக்காகப் பிடித்தால் இருவர் விளையாடலாம், கூடுதல் கன்ட்ரோலர் இருந்தால் நால்வர். ஸ்விட்ச் 2-லும் ஓடும். நம் ஊர்க் கடைகளில் இருப்பது பெரும்பாலும் இறக்குமதி சரக்கு, வாரன்ட்டி யார் தருகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று 'ஸ்விட்ச் லைட்' பக்கம் போய்விடாதீர்கள். அதில் ஜாய்-கானைக் கழற்ற முடியாது, டிவியிலும் இணைக்க முடியாது.