பத்துப் பேர் ஏறும் தோப்பு எது?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து வாழ்த்தும் வசையுமாக எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. ஆலைத் தொழிலாளியின் வேலை நேரம், உணவு கொண்டுவரும் இளைஞரின் சமூகப் பாதுகாப்பு என்று விவாதம் நகரத்தையே சுற்றிவருகிறது. தென்னை ஏறிப் பிழைப்பவர் அதில் எங்கும் இல்லை. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கென்று உள்ள பகுதி, அத்தகையவர்கள் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும். இத்தொகுப்பு விழுங்கிவிட்ட 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை ஐந்து. ஐந்து பத்தானது காகிதத்தில் சிறு மாற்றம். மரம் ஏறும் தொழிலுக்கோ அது கதவை இழுத்துச் சாத்திய செயல். பொள்ளாச்சிப் பக்கமிருந்து பாலக்காட்டுக்கும் தென்காசிப் பக்கமிருந்து கொல்லத்துக்கும் காய் பறிக்கப் போகும் ஒரு செட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறுவதற்கு இரண்டு மூன்று பேர், காய் பொறுக்கிக் குவிக்க ஒருவரோ இருவரோ, கூலி பேசிக் கூட்டிப்போகும் மேஸ்திரி. பத்துப் பேராகச் சேர்ந்து ஒரு தோப்பில் இறங்க இந்தத் தொழிலில் வேலையும் இல்லை, கூலியும் கட்டாது.

சட்டம் எழுதியவர்கள் இந்த வேலையின் அளவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் 175 தென்னை நிற்கும். நெட்டை ரகத்தின் உயரத்தை 50 அடி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 45 நாளுக்கு ஒரு பறிப்பு என்றால் ஆண்டுக்கு எட்டு. ஆக, ஒரே ஒரு ஹெக்டேர் தோப்புக்கு ஆண்டொன்றில் 70,000 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். ஓர் ஆள் ஒரு நாளில் 40 மரம் ஏறினால் 2,000 அடி ஆகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி. அதன் உச்சிக்கு ஒரே நாளில் ஒன்பது முறை, காலில் தளைக்கயிறும் இடுப்பில் அரிவாளுமாக ஏறி இறங்குவதற்குச் சமம் இது. மறுநாள் வேறு தோப்பில் மறுபடியும் ஒன்பது முறை. மழைக்காலத்தில் மரம் வழுக்கும். காய்ந்த மட்டையைப் பிடித்தால் கையோடு வரும். கொண்டையில் குளவிக்கூடு இருக்கும். இந்த உயரத்தில் உழைக்கிறவருக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதைக் கீழே அவரோடு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தா முடிவு செய்வது?

போன உரிமைகள் சாதாரணமானவை அல்ல. ஊர்விட்டு ஊர் வருவதற்கென்று மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும் என்றது பழைய சட்டம்; புதிய தொகுப்பில் அந்தப் படி யாருக்குமே இல்லை. உயிரிழப்போ பலத்த காயமோ நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்துக்கும் ஒப்பந்ததாரர் தகவல் தர வேண்டும் என்ற கடமை புதியதிலும் தொடர்கிறது, ஆனால் பத்துப் பேர் வாசலைத் தாண்டியவர்களுக்கு மட்டும். ஐந்து பேர் செட்டில் ஒருவர் விழுந்தால் அது காவல் நிலையக் கோப்பில் ஒரு விபத்து, அவ்வளவுதான். இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளிலும் அது பதிவாக வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவாகாத சாவுக்குத் திட்டமும் வராது, நிதியும் வராது. இந்த ஆபத்து அரசுக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தினுடைய இரண்டாம் அட்டவணையில் பனை சீவுவோரும் மரம் வெட்டுவோரும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தார்கள். அறிந்திருந்தும் கைவிட்டார்கள் என்பதுதான் ஆத்திரமூட்டுகிறது.

தாமாக வேலை தேடி வருபவரையும் புலம்பெயர் தொழிலாளி என்று புதிய தொகுப்பு ஏற்றுக்கொள்கிறதே, மாதம் 18,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் எல்லாரும் அதில் அடங்குவார்களே என்று வாதிடுகிறார்கள். வரையறையை விரித்துவிட்டு வாசலைக் குறுக்கினால் உள்ளே வருவது யார்? ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால் ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் பாதுகாப்பு விதிகளை நீட்டிக்கலாமே என்பது அடுத்த சமாதானம். அறிவித்தால்தானே! சின்ன மேஸ்திரிகளால் பதிவேடும் உரிமமும் தாங்க முடியாது என்பவர்களுக்குப் பதில் சொல்லவே தேவையில்லை. ஆளை ஐம்பது அடி உயரத்துக்கு அனுப்பத் தெரிந்தவருக்கு அவர் பெயரை ஒரு தாளில் எழுதவும் தெரியும். கருவி வந்துவிட்டது, குட்டை ரகம் வந்துவிட்டது, இனி ஏறுபவரே வேண்டாம் என்ற பேச்சு தோப்புப் பக்கம் போகாதவர்களின் பேச்சு. கருவியைக் கொண்டு ஏறினாலும் மேலே போவது மனிதர்தான். காய் பறிப்பது அவர் வேலையில் பாதி. கொண்டையைச் சுத்தம் செய்வதும், காண்டாமிருக வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுப்பதும், கூன்வண்டு துளையை முதலில் கண்டு சொல்வதும் அவர்தான். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ தென்பட்ட பிறகு, ஓலையின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் பார்க்கும் கண்ணுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. தென்னைக்கு வைத்தியர் என்று ஒருவர் உண்டென்றால் அவர் இவரே.

எண்ணிக்கை பார்க்காமல் ஆளைப் பார்த்துப் பாதுகாப்புத் தர முடியாது என்பதும் பொய். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ திட்டத்தைத் தொடங்கி ஆறு நாள் பயிற்சியும் ஏறும் கருவியும் கொடுத்தது. அதன் ‘கேரா சுரக்ஷா’ விபத்துக் காப்பீட்டில் சேர ஏறுபவர் ஒருவரே போதும்; பிரீமியத்தின் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது. ஒரு வாரியத்தால் முடிந்தது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் முடியாமல் போனதற்கு ஒரே காரணம், இவர்கள் யாருக்கும் வாக்கு வங்கி இல்லை என்பதுதான். வேலை ஒரு மாநிலத்தில், ஓட்டு இன்னொரு மாநிலத்தில். இப்படியே விட்டால் இன்னும் பத்தாண்டில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தென்னை நிற்கும், ஏற ஆள் இருக்காது. எந்தத் தகப்பன் தன் மகனுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பான்? தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில்தான் இருக்கிறது. மரம் ஏறும் வேலைக்குப் பத்து என்பதை ஒன்று என்று மாற்றும் திருத்தத்தை இரு மாநிலச் சட்டமன்றங்களும் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். மரம் ஏறுவதை ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டும். அதுவரை, எல்லை தாண்டும் ஒவ்வொரு செட்டின் பெயர்ப் பட்டியலையும், விழுந்தவர் கணக்கையும் இரு தொழிலாளர் துறைகளும் பகிர்ந்துகொள்வதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை; அடுத்த பறிப்புக்கு முன்பே தொடங்கலாம்.