மாங்காய் போட்ட சேலை

சென்ற மாதம் புக்கிட் ரோத்தானில் ஒரு கல்யாணம். பெரியம்மா பெட்டியின் அடியில் வைத்திருந்த தன் கூறைச் சேலையைக் கட்டியிருந்தார். அரக்கு நிறம், கரை நெடுக மாங்காய். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகள் அதைத் தொட்டுப் பார்த்து, "பாட்டி, இது பெய்ஸ்லி டிசைன்" என்றாள்.

"அது என்னமோ தெரியாதும்மா. எங்களுக்கு இது மாங்காய்தான்" என்றார் பெரியம்மா.

இருவர் சொன்னதும் சரிதான். பெய்ஸ்லி என்பது ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் காஷ்மீர்ச் சால்வைகள் பிரிட்டனுக்குப் போயின. அவற்றை வாங்கப் பெரிய பணக்காரர்களால்தான் முடிந்தது. 1805 வாக்கில் பெய்ஸ்லி நெசவாளர்கள் அதே மாங்காயை மலிவாக நெய்யத் தொடங்கினார்கள். சால்வைக்கு இருந்த மவுசு 1870களில் அடங்கிவிட்டது. ஊர்ப் பெயர் மட்டும் நம் மாங்காய்க்கு ஒட்டிக்கொண்டது.

அந்தச் சால்வையில் ஒரு நூல் உண்டு. பெயர் 'ஸ்மா ஷாட்', அதாவது சின்ன ஊடு இழை. வண்ண நூல்களைப் பிடித்துக் கட்டுவது அதுதான். அது இல்லாவிட்டால் சால்வை நிற்காது. ஆனால் வெளியே தெரியாது. 'தெரியாத நூலுக்குக் கூலி கிடையாது' என்றார்கள் முதலாளிகள். நெசவாளர்கள் அந்த நூலைத் தங்கள் காசில் வாங்கிப் போட்டார்கள். முரசு கொட்டி ஒன்றுகூடிப் பல காலம் போராடி, 1856இல் அந்தக் கூலியைப் பெற்றார்கள். இன்றும் ஜூலை மாத முதல் சனிக்கிழமை பெய்ஸ்லியில் 'ஸ்மா ஷாட் நாள்' ஊர்வலம் நடக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. 1821இல் சிங்கப்பூரில் வியாபாரம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி, 1910இல் சைம் டார்பியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் சைம், இருவருமே ஸ்காட்லாந்துக்காரர்கள். அங்கே முரசு கூலி கேட்க அழைத்தது. இங்கே விடியுமுன் அடித்த பெரட்டு மணி வேலைக்கு அழைத்தது. நம்மவர்களும் கேட்காமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

பெரியம்மாவிடம் கேட்டேன். பத்து வயதில் தன் அம்மாவோடு பால்காட்டுக்குப் போய் மங்கு துடைத்தாராம், ஒட்டுப்பால் பொறுக்கினாராம். "செக்ரோல்ல அம்மா பேருதான் இருக்கும். நாங்க கைத்துணைக்கு. எங்களுக்கு ஏது சம்பளம்?" என்று சிரித்தார்.

அக்காள் மகள் அடுத்த ஜூலையில் ஸ்காட்லாந்து போகப் பணம் சேர்க்கிறாள். போக நினைக்கும் மற்றவர்களுக்கும் சில குறிப்புகள். இங்கிருந்து கிளாஸ்கோவுக்கு நேரடி விமானம் இல்லை; துபாயிலோ லண்டனிலோ மாற வேண்டும். கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்திலிருந்து பெய்ஸ்லி ரயிலில் சுமார் பத்து நிமிடம். அங்கே 'ஸ்மா ஷாட் காட்டேஜஸ்' என்ற பழைய நெசவாளர் வீடுகளைக் காணலாம். திறக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் உல்லாபூலில் கப்பலேறி லூயிஸ் தீவுக்கும் போகலாம். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியைத் தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அந்தப் பெயர் செல்லும் என்று 1993இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பல கடைகள் மூடியிருக்கும்.

ஜூலையில் பெரியம்மாவின் சேலையையும் கொண்டுபோய் அந்த ஊர்வலத்தில் கட்டிக்கொள்வாளாம். "கறை படாம கொண்டு வா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார் பெரியம்மா.