பத்து வருடம் காத்திருந்த ஒரு கணக்கு

கையில் இருக்கும் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு சின்னக் கணக்கு.

0.511, 105.658, 1776.9. இந்த மூன்று எண்களையும் கூட்டினால் 1883.07 வரும். அதை ஓரமாக எழுதி வையுங்கள். அடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் வர்க்கமூலம் கண்டுபிடியுங்கள். 0.715, 10.279, 42.153 என்று வரும். இவற்றைக் கூட்டினால் 53.147. அதை அதே எண்ணால் பெருக்கினால் 2824.6. கடைசியாக, முதலில் எழுதி வைத்த 1883.07-ஐ 2824.6-ஆல் வகுத்துப் பாருங்கள்.

0.6667. அதாவது, மூன்றில் இரண்டு பங்கு!

இதில் என்ன அதிசயம்? அந்த மூன்று எண்களும் யாரோ நினைத்து எழுதியவை அல்ல. இயற்கை கொடுத்தவை.

முதல் எண், நம் வீட்டு வயர்களில் ஓடும் எலக்ட்ரானின் நிறை. இரண்டாவது, மியூவானின் நிறை. 1936-ல் விண்வெளியிலிருந்து வரும் கதிர்களில் அகப்பட்ட துகள் இது. மூன்றாவது, டௌ என்ற துகளின் நிறை. 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தில் மார்ட்டின் பெர்ல் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதற்காக 1995-ல் பெர்லுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. (துகள்களை கிராமில் நிறுக்க முடியாது, அவற்றின் தராசுக்கு மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று பெயர்.)

மூன்றும் ஒரே குடும்பம். ஒரே மின்னூட்டம், ஒரே குணம். ஆனால், அண்ணன் தம்பிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் எங்கும் இருக்காது. மியூவான், எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனம். டௌ, சுமார் 3,477 மடங்கு. ஏன் இந்த எண்கள்? இன்றைய இயற்பியலில் பதில் இல்லை. அளந்து பார்த்து எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

கொய்டே சொன்ன எண்

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இயற்பியலாளர் யோஷியோ கொய்டே தந்த சூத்திரம்தான் நாம் மேலே போட்ட கணக்கு. ஆனால், அன்று இதே கணக்கைப் போட்டவர்களுக்கு மூன்றில் இரண்டு சரியாக வரவில்லை!

காரணம், அப்போது டௌவின் நிறை 1784 என்று அளந்திருந்தார்கள். மூன்று, நான்கு முன்னே பின்னே இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். கொய்டேயின் சூத்திரப்படி 1777 வரவேண்டும். ஏழு குறைகிறது.

இந்த மாதிரி நேரத்தில் பலர் என்ன செய்வார்கள்? சூத்திரத்தில் அங்கே ஒன்றைக் கூட்டி, இங்கே ஒன்றைக் குறைத்து, அளவீட்டோடு பொருந்தவைப்பார்கள். கொய்டேயின் சூத்திரமோ அச்சில் அப்படியே நின்றது. யார் வேண்டுமானாலும் சோதித்து, 'இது தப்பு' என்று சொல்ல வழி திறந்தே இருந்தது.

1992-ல் சீனாவின் பெய்ஜிங் ஆய்வகம் டௌவை மீண்டும் அளந்தது. முன்பைவிடப் பல மடங்கு துல்லியமாக. வந்த விடை, 1776.9.

மாறியது சூத்திரம் அல்ல, அளவீடு! அதன் பிறகு இன்னும் துல்லியமான அளவீடுகள் வந்துவிட்டன. சூத்திரம் இன்றுவரை தாக்குப்பிடிக்கிறது.

பை போட்ட பொடி

எண் பொருந்திவிட்டால் கொள்கை சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

1951-ல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரிலிருந்து ஃபிரெட்ரிக் லென்ஸ் என்பவர் ஒரு குறிப்பு அனுப்பினார். 'ஃபிசிக்கல் ரிவ்யூ' என்ற பெயர்பெற்ற ஆய்விதழ் அதை வெளியிட்டது. மொத்தமே சில வரிகள்தான். புரோட்டான், எலக்ட்ரானைவிட எத்தனை மடங்கு கனம்? அன்றைய அளவீடு 1836.12. பை என்ற எண்ணை ஐந்து முறை பெருக்கி, அதை ஆறால் பெருக்கினாலும் 1836.12 வருகிறது என்றார் லென்ஸ்.

படிக்கும்போதே சிலிர்க்கிறது. ஆனால், அளவீடுகள் துல்லியமாக ஆக ஆக, உண்மையான எண் 1836.1527 என்று தெரிந்தது. லென்ஸின் எண் 1836.118. வித்தியாசம் ரொம்பச் சின்னதுதான். ஆனால், இன்றைய அளவீட்டில் தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கம் வரை சந்தேகமே இல்லை. அந்தத் தராசில் லென்ஸின் கணக்கு தேறவில்லை.

வண்டி நம்பரைக் கூட்டி, கழித்து, பெருக்கி நம் பிறந்த தேதியைக் கொண்டுவந்துவிடலாம், இல்லையா? அதே கதைதான். பை, இரண்டு, மூன்று, வர்க்கமூலம் என்று கலந்துகொண்டே போனால், ஏதோ ஒன்று எதனோடாவது பொருந்தத்தான் செய்யும்.

கட்டணம் வாங்கிக் கேட்ட காது

துகள்களின் நிறைக்குத் தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, 'படித்துப் பார்த்துக் கருத்து சொல்லுங்கள்' என்று விஞ்ஞானிகளுக்கு அனுப்புகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. பலருக்குப் பதிலே வருவதில்லை.

ஜெர்மானிய இயற்பியலாளர் சபீனா ஹோசன்ஃபெல்டர் வேறு வழி யோசித்தார். இப்படிப்பட்டவர்களோடு பேசுவதற்கு இருபது நிமிடத்துக்கு 50 டாலர் என்று கட்டணம் வைத்தார். ஓய்வுபெற்றவர்கள், பொறியாளர்கள் என்று பலர் வந்தார்கள். அந்த அனுபவத்தை 2016-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். அவர்களைக் கேலி செய்யவில்லை. அவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. பத்திரிகைகளில் வரும் படங்களையும் உவமைகளையும் வைத்தே கொள்கை கட்டிவிடுகிறார்கள், அடியில் இருக்கும் கணிதத்தைத் தொடுவதில்லை என்பதே அவர் கண்டது.

ஆக, கருத்து கேட்கும் முன்பு தன்னையே கேட்டுக்கொள்ள இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, உள்ளே எத்தனை எண் போட்டேன், வெளியே எத்தனை எண் வந்தது? கொய்டேயின் சூத்திரத்தில் எலக்ட்ரான், மியூவான் இரண்டின் நிறையையும் போட்டால், டௌ தானாக வருகிறது. மூன்று எண் கிடைக்க மூன்று எண் போட வேண்டியிருந்தால், அது கண்டுபிடிப்பு அல்ல.

இரண்டு, எந்த எண் வந்தால் 'நான் சொன்னது தப்பு' என்று ஒப்புக்கொள்வேன்? இதற்குப் பதில் இல்லாத கொள்கையைப் பற்றி யாராலும் கருத்து சொல்ல முடியாது.

இன்னும் முடியவில்லை

சரி, கொய்டே ஜெயித்துவிட்டாரா? அதுவும் இல்லை. எலக்ட்ரான் போன்ற துகள்கள் இன்னும் சிறிய துகள்களால் ஆனவை என்ற எண்ணத்திலிருந்துதான் அவர் இந்தச் சூத்திரத்துக்கு வந்தார். அந்தச் சிறிய துகள்களுக்கு இன்றுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. மூன்றில் இரண்டு ஏன் வருகிறது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இல்லை. தற்செயல்தான் என்று ஒதுக்கும் விஞ்ஞானிகளும் உண்டு.

ஆனால், இப்படி ஒரு கணக்கு முன்பும் காத்திருந்திருக்கிறது. 1885-ல், ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் பெண்கள் பள்ளி ஆசிரியராக இருந்த யோஹான் பால்மர், தன் 60-வது வயதில், ஹைட்ரஜன் ஒளியில் தெரியும் நான்கு கோடுகளுக்கு ஒரு சூத்திரம் கண்டார். ஐந்தாவது கோடு எங்கே வரவேண்டும் என்றும் கணக்கிட்டார். அந்தக் கோட்டை ஏற்கெனவே பார்த்தாயிற்று, கணக்கும் சரி என்று சக பேராசிரியர் ஒருவர் சொன்னார். ஏன் சரி என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. 1913-ல் நீல்ஸ் போர் வந்து அணுவின் அமைப்பைக் கொண்டு அதை விளக்கினார். பால்மர் அதைக் கேட்க இல்லை, 1898-லேயே காலமாகிவிட்டார்.

கொய்டேயின் மூன்றில் இரண்டு, பால்மரின் வரிசையில் சேருமா, லென்ஸின் வரிசையில் சேருமா? டௌவை அடுத்தடுத்து அளக்கிறவர்கள் சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கணக்கு, யார் வேண்டுமானாலும் தப்பு கண்டுபிடிக்கலாம் என்று வாசலில் காத்திருக்கிறது.