வாடகை மிச்சம், பொழுது செலவு



பட்டுத்தறி நெய்து பிள்ளைகளை ஆளாக்கிய காஞ்சித் தாய் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். அவருடைய மருமகன் மலேசியத் தமிழர், சிங்கப்பூரில் பணிபுரிபவர். அங்கே வாடகை கட்டுப்படியாகாமையால், மனைவி மக்களை எல்லைக்கு அப்பால் ஜொகூர் பாருவில் குடியமர்த்தியுள்ளார். "மாதாமாதம் நிறைய மிச்சமாகிறதாம் சாமி, ஆனாலும் மகள் குரலில் தெளிவில்லை" என்றார் தாய்.

காரணம் விளங்காததன்று. 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. ஆயினும் இருபுறமும் குடிநுழைவுச் சோதனை, நீண்ட வரிசை. விடியுமுன் புறப்படும் தந்தை, பிள்ளைகள் உறங்கியபின் திரும்புகிறார். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இழந்த மாலைப்பொழுதை மாற்றித் தரும் நாணயம் ஏது? 2020 மார்ச் 18-இல் தொற்றுநோயால் எல்லை மூடப்பட்டபோது, எத்தனையோ குடும்பங்கள் பாலத்தின் இருபுறமும் பல மாதங்கள் பிரிந்து வாடின. தடுப்பூசி இட்டோர் தடையின்றிக் கடக்க 2022 ஏப்ரல் 1-இல்தான் வழி பிறந்தது.

சிக்கனத்தை நாம் குறைகூறவில்லை. கடனின்றி வாழ விழைவது நேர்மை. ஆனால் கோர்வைச் சேலையை அறிந்தவர்கள் நாம். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடினாலும், ஒவ்வோர் ஊடையிலும் இரண்டும் கோத்துக்கொள்ளாவிடில் சேலை பிரிந்துவிடும். ஆகவே மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, மிகைநேர வேலையைத் துறப்பதற்கே ஒதுக்கட்டும். வாரத்தில் சில மாலைகளேனும் தந்தை பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணட்டும், செபிக்கட்டும்.

அத்தாயிடமும் இதையே சொல்லி அனுப்பினோம்.