பெயரைத் துறந்து பணியைக் காத்த சங்கம்



நம் ஊர்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. தொடங்குகின்ற நாளில் பந்தலும் தோரணமும் உண்டு. தலைவருக்கு மாலை மரியாதையும் உண்டு. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலோ, பெயர்ப்பலகை மட்டும் வெயிலில் வெளுத்துத் தொங்கும். அல்லது அன்று தலைவரானவரே இன்னமும் தலைவராயிருப்பார். சங்கம் எதற்காகத் தோன்றியது என்று கேட்டால் சொல்வாரில்லை. இந்நிலை வாராமல் காப்பது எவ்வாறு என்பதை அறிந்துகொள்ள, கடல் கடந்த மருத்துவர் சங்கம் ஒன்றின் வரலாற்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டில் 1905-ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் சானடோரியம் அசோசியேஷன்’ என்றொரு சங்கம் உருவாயிற்று. காசநோயாளரைத் தங்கவைத்துப் பேணிய சானடோரியங்களின் மருத்துவர்கள் கூடி அமைத்தது அது. காசநோயைக் குணப்படுத்தும் மருந்து அந்நாளில் இல்லை. தூய காற்று, சத்துணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றையே நம்பியிருந்தனர். டாக்டர் எட்வர்டு ட்ரூடோ என்பவர், தாமே காசநோயாளராயிருந்தும், நியூயார்க் மாநிலத்தில் சாரனாக் ஏரிக்கரையில் 1880-களில் நிறுவிய சானடோரியம் அந்நாட்டில் பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. நம் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் நிறுவிய சானடோரியமும் இத்தகைய மருத்துவ முறையைச் சார்ந்ததே. அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்பணிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? டேனிஷ் நாட்டின் தபால் ஊழியர் ஒருவர் 1904-இல் கண்ட வழியைப் பின்பற்றி, எமிலி பிசெல் என்னும் பெண்மணி 1907-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முத்திரை வில்லைகளை அச்சிட்டு, ஒன்று ஒரு சென்ட் வீதம் விற்றார். மூடப்படும் நிலையிலிருந்த ஒரு சிறு சானடோரியத்துக்கு 300 டாலர் தேவைப்பட்டது. கிடைத்ததோ அதைப் போல் பத்து மடங்கு! பின்னர் அவ்வில்லை நாடெங்கும் பரவி, தேசியக் காசநோய்ச் சங்கத்தின் முக்கிய வருவாயாயிற்று. நாம் கூறும் மருத்துவர் சங்கம் பின்னாளில் அத்தேசியச் சங்கத்தின் மருத்துவப் பிரிவாக இயங்கியது. ஏழை எளியோரின் சில்லறைக் காசில் வளர்ந்த பணி அது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோமாக.

காலம் மாறியது. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1952-இல் ஐசோநியாசிட் என்னும் மருந்து வழக்கத்துக்கு வந்தது. சாரனாக் ஏரிக்கரைச் சானடோரியம் 1954-இல் மூடப்பட்டது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையம், 193 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை 1959-இல் வெளியிட்டது. வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்று அது காட்டியது. சானடோரியங்களின் தேவை குன்றத் தொடங்கியது.

மேற்கூறிய சங்கத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கட்டடங்களுக்காக அது தோன்றியதோ அவையே ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஆயினும் அச்சங்கம் மறையவில்லை. தன் தொடக்கப் பெயரை முன்னரே விடுத்து, ட்ரூடோ சங்கம் என்று பெயர் சூடியிருந்தது. 1960-இல் அந்தப் பெருமகனின் பெயரையும் விடுத்து, ‘அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி’, அதாவது அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் ஆயிற்று. காசநோயோடு ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சடைப்பு, நுரையீரல் புற்றுநோய், தீவிர சிகிச்சை என அதன் பணி விரிந்தது. 1917-இல் காசநோய் ஏடாகத் தோன்றிய அதன் மருத்துவ இதழும் பலமுறை பெயர் மாறி வளர்ந்துள்ளது. 2000-ஆம் ஆண்டு முதல் அது தனித்து இயங்கும் சங்கமாகும். இன்று பல நாடுகளைச் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்டோர் அதன் உறுப்பினர். மருத்துவர் மட்டுமன்றிச் செவிலியரும் ஆய்வாளரும் அவர்களுள் அடங்குவர்.

இத்துணைப் பெரிய சங்கம் நடைபெறும் முறை கவனிக்கத்தக்கது. தலைவரின் பதவிக்காலம் ஓராண்டே. அப்பதவிக்கு ஒருவர் திடீரென வந்துவிடுவதில்லை. முதலில் செயலர்-பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஆண்டுக்கு ஒரு படியாகத் துணைத் தலைவர், அடுத்த தலைவர் என உயர்ந்து, பின்னரே தலைவராகிறார். அதன்பின் ஓராண்டு முன்னாள் தலைவராக உடனிருந்து வழிகாட்டி விலகுகிறார். கணக்கைக் கையாண்டு பழகியவரே தலைமைக்கு வருகிறார். விலகும் நாளும் முன்னரே குறிக்கப்பட்டிருக்கிறது. உறுப்பினர் அனைவரும் தத்தம் துறைக்கேற்பக் குழந்தை மருத்துவம், தொழில்வழி நோய்கள், செவிலியம், உறக்க மருத்துவம் முதலான பேரவைகளில் ஒன்றைச் சார்ந்திருப்பர். ஆண்டுதோறும் மே மாதம் கூடும் மாநாட்டின் பொருள்களை இப்பேரவைகளே பெரிதும் வகுத்துத் தருகின்றன. நோயாளரின் அமைப்புகளுக்கும் சங்கத்தில் ஓர் ஆலோசனை அவை உண்டு. யாருக்காகச் சங்கம் இருக்கிறதோ அவர்கள் குரலும் உள்ளே ஒலிக்கிறது.

சங்கத்தின் பணிகளுள் தலையாயது, இன்ன நோய்க்கு இன்ன சிகிச்சை தக்கது என வழிகாட்டும் நெறிமுறைகளை வெளியிடுவதாகும். அதற்கென அமையும் குழுவினர், மருந்து நிறுவனங்களிடம் தாம் பெறும் பணத்தையும் பிற தொடர்புகளையும் முன்னதாகவே எழுதித் தருதல் வேண்டும். ஏனெனில் ஒரு பரிந்துரையால் ஒரு மருந்தின் விற்பனை பன்மடங்கு பெருகக்கூடும். சங்கத்தின் மாநாட்டிலும் மருந்து நிறுவனங்களின் காட்சிக் கூடங்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு சென்ட் வில்லையின் காலம் போய், பெரும்பணத்தின் காலம் வந்துவிட்டது. ஆகவே விழிப்பும் பெருகியாக வேண்டியதாயிற்று.

ஓர் எல்லையில் மட்டும் அச்சங்கம் உறுதியாக நிற்கிறது. புகையிலை நிறுவனங்களின் பணத்தில் செய்யப்பட்ட ஆய்வுகளை அதன் ஏடுகள் ஏற்பதில்லை. 2021-இல் ஃபிலிப் மாரிஸ் என்னும் சிகரெட் நிறுவனம், மூச்சுவழி மருந்துக் கருவிகளைத் தயாரிக்கும் வெக்டூரா என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தை விலைக்கு வாங்க முற்பட்டபோது, அமெரிக்கச் சங்கமும் ஐரோப்பிய நெஞ்சக மருத்துவச் சங்கமும் வெளிப்படையாக எதிர்த்தன. நுரையீரலைக் கெடுப்பவரே அதற்கு மருந்தும் விற்று ஆதாயம் பெறுவது அடாது என்பது எதிர்த்தோரின் வாதம். விற்பனை நின்றுவிடவில்லை. ஆயினும் நெஞ்சக மருத்துவ உலகின் வெறுப்பு நீடித்தது. 2024-இல் அச்சிகரெட் நிறுவனமே வெக்டூராவை விற்றுவிட முடிவு செய்தது.

வாசகர்களே, நம் ஊர் நற்பணி மன்றமோ, கூட்டுறவுச் சங்கமோ, பள்ளியின் பெற்றோர் கழகமோ, எதுவாயினும் இவ்வாண்டு அதன் பொதுக்குழு கூடும்போது மூன்று கேள்விகளை எழுப்புங்கள். நாம் தொடங்கிய தேவை இன்னும் இருக்கிறதா, அன்றி வேறு தேவை வாசலில் நிற்கிறதா? அடுத்துப் பொறுப்பேற்க யாரைப் பழக்கி வருகிறோம்? நம் கைக்கு வரும் பணம் யாருடைய கையிலிருந்து வருகிறது? கேட்பவர்மீது சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதற்கஞ்சி வாளாவிருந்தால், வெளுத்த பெயர்ப்பலகை ஒன்றே நம் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.