தலைக்கணக்கும் ஜவ்வாது மலையும்

திருவண்ணாமலை என்றதும் நம் மனத்தில் எழுவது கூட்டம்தான். கார்த்திகைத் தீபத்தன்று பல லட்சம் பேர் திரள்கிறார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழிகிறது. அதே மாவட்டத்தின் வடமேற்கில், ஆள் நடமாட்டம் அருகிய ஜவ்வாது மலை இருப்பதை நாம் எப்போதாவதுதான் எண்ணிப் பார்க்கிறோம்.

1989இல் பழைய வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 24.65 லட்சம் மக்கள். சதுர கிலோமீட்டருக்குச் சராசரி 398 பேர். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையூர்களுக்கு இச்சராசரி சிறிதும் பொருந்தாது. காடு, சரிவு, நடுவே ஒரு சாமைக் கொல்லை, வெகு தூரம் தள்ளி இன்னொரு சிற்றூர் என்று சிதறிக் கிடக்கும் நிலம் அது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் ஒன்றாயினும் கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை.

மக்கள் குறைவென்பதால் அந்நிலத்தின் கொடை குறைந்துவிடவில்லை. செய்யாறு பிறப்பது இம்மலையில்தான். சாமையும் புளியும் தேனும் நெல்லிக்காயும் சந்தைக்கு இறங்கி வருகின்றன. மலையின் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியிலுள்ள காவலூரில் வானாய்வுக்கூடம் அமைந்ததற்கு, ஊர் வெளிச்சம் தீண்டாத இரவும் ஒரு காரணம். 2.34 மீட்டர் விட்டமுள்ள அங்குள்ள தொலைநோக்கிக்கு 1986இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால் நம் திட்டங்கள் தலைகளை எண்ணியே வகுக்கப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று என்பது நெடுநாளைய அளவுகோல். சலுகைதான், மறுக்கவில்லை. எனினும் 20,000 பேர் ஒரே பள்ளத்தாக்கில் வாழ்வதில்லையே! பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு மருத்துவமனை எத்தனை பேருக்கு ஒன்று என்பதா முக்கியம், எவ்வளவு நேரத்தில் சென்று சேரலாம் என்பதா? பள்ளிக்கும் பேருந்துக்கும் இதே கேள்விதான்.

இந்தக் கணக்கின் விலை என்ன? மானாவாரி வேளாண்மை ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. அருகில் வேறு வேலையும் இல்லாதபோது ஆண்கள் கூலி தேடி மலையிறங்குகிறார்கள், தரகர்கள் காத்திருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட 20 தமிழர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. இறந்தோரில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அந்தத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி நிறையப் பேசினோம். அவர்கள் ஏன் மலையிறங்கினார்கள் என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசினோம்.

சிலருக்காக இவ்வளவு செலவா என்று கேட்போர் உண்டு. மலை தரும் நீரையும் காட்டையும் நாம் தலைக்கு இவ்வளவு என்று அளந்து பெறுவதில்லை. திருப்பித் தரும்போது மட்டும் தலை எண்ணுவது எவ்வகை நியாயம்? துணைச் சுகாதார நிலையங்களுக்கு 30 நிமிட நடைத்தொலைவு என்ற அளவுகோல், தேர்ந்தெடுத்த சில மலை, பாலைப் பகுதிகளுக்கு ஏற்கெனவே முன்வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளி, சாலை, பேருந்து, சாமை கொள்முதல் நிலையம் ஆகியவற்றுக்கும் தொலைவையே அளவாகக் கொள்ளட்டும் என்கிறோம். எங்கள் கோரிக்கை இவ்வளவே.