செஞ்சி மலையில் ஓட்டம்
செஞ்சிக் கோட்டையில் நெடுந்தூரம் ஓட நினைப்பவர் முன்னால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளும் அவற்றை இணைக்கும் சுமார் 13 கிலோமீட்டர் மதிலும் நிற்கின்றன. கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் உள்ள அடிவாரம் சமதளம்; உடலைச் சூடாக்கிக்கொள்ள அது போதும். உண்மையான சோதனை ராஜகிரிதான். ஏறத்தாழ 240 மீட்டர் உயரம், ஒழுங்கற்ற கற்படிகள், அடுத்தடுத்து வாயில்கள். வருபவரின் வேகத்தைக் குலைப்பதற்கென்றே அமைந்த வழி இது. உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான பாறைப் பிளவு. அதன்மேல் சிறு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியே கிடையாது. 1690-இல் முகலாயப் படை தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்ததில் இந்த ஏற்றத்துக்கும் பங்குண்டு. பாதி மலையிலேயே கால்கள் அதை ஒப்புக்கொள்ளும். ஏற்றத்தில் ஓடலாம், இறக்கத்தில் நடப்பதே நல்லது: தேய்ந்த கருங்கல் வழுக்கும், முழங்காலும் அடி வாங்கும். பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும். 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. சிதைந்த மதில்மேல் ஏறாமல், பாதையை விட்டு விலகாமல் ஓடுங்கள்.